இரத்த அழுத்தமும் பிஸ்துலாக் கையும்

இரத்த அழுத்தம் என்பது இன்று நம் தோட்டப்புறங்களில் யாவரும் அறிந்த சொல்லாகிவிட்டது. ‘பிரஷர்’ என்பர் சிலர். ‘கொதிப்பு’ என்பர் பலர். அது ஏறக்கூடாது என்பதையும் எல்லாரும் அறிவர். ஏறினால் பக்கவாதம் வரும், மாரடைப்பு வரும், சிறுநீரகம் பழுதுபடும் என்று சுகாதார நிலையத்தில் சொல்லக் கேட்டிருக்கிறோம். அது முற்றிலும் உண்மையே. ஆயினும் இரத்த அழுத்தம் மிகத் தாழ்ந்தாலும் தீங்கு உண்டு என்பதையும், ஒரு சாராருக்கு அத்தீங்கு ஒரே இரவில் நேர்ந்துவிடக்கூடும் என்பதையும் அறிந்தவர் சிலரே. சிறுநீரகம் செயலிழந்து, இயந்திரத்தின் துணையால் வாரம் மும்முறை இரத்தத்தைச் சுத்திகரித்துக்கொள்ளும் நோயாளிகளே அந்தச் சாரார். அவர்களுக்கு உயிர்வழியாக விளங்கும் கைக்குழாய் இணைப்பு ஏன் சிலருக்கு விரைவிலேயே அடைபட்டுப் போகிறது என்பதையும், அதில் இரத்த அழுத்தத்துக்கு உள்ள பங்கையும் இம்மாதம் ஆராய்வோம்.

இது யாரோ சிலரைப் பற்றிய செய்தியன்று. மலேசியாவில் சுத்திகரிப்புச் சிகிச்சை பெறுவோர் தொகை அண்மை ஆண்டுகளில் 50,000ஐத் தாண்டிவிட்டது. புதிதாக இச்சிகிச்சைக்கு வருவோருள் பாதிக்கும் மேற்பட்டோர் இனிப்பு நீர் நோயால் சிறுநீரகத்தை இழந்தவர்கள். 2023ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி, நாட்டில் வயது வந்தோருள் 100க்கு 15 அல்லது 16 பேருக்கு இனிப்பு நீர் உண்டு; 100க்கு 29 பேருக்கு உயர் இரத்த அழுத்தம் உண்டு. நம் லயன்களில் வீட்டுக்கு வீடு எண்ணிப் பார்த்தால் இக்கணக்கு மிகையன்று என்பது புலனாகும்.

சிறுநீரகம் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ பத்து இலட்சம் நுண்ணிய வடிகட்டிகள் உள்ளன. அவற்றுள் மயிரிழையினும் மெல்லிய குழாய்கள் சுருண்டு கிடக்கின்றன. ஆண்டுக்கணக்கில் உயர்ந்த அழுத்தத்தோடு இரத்தம் மோதும்போது அம்மென்குழாய்கள் தடித்துத் தழும்பேறி ஒவ்வொன்றாக அவிந்து போகின்றன. வலி இராது, காய்ச்சல் இராது. பத்தில் ஒன்பது பங்கு அழிந்த பிறகே கால் வீக்கமும் மூச்சுத் திணறலும் தலைகாட்டும். அந்நிலையில் மாற்றுச் சிறுநீரகம் கிடைத்தாலன்றி, எஞ்சியிருக்கும் வழி சுத்திகரிப்பே. வயிற்றறையில் திரவம் ஏற்றிச் செய்யும் முறை ஒன்றும் உண்டு. அதனை மற்றொரு முறை எழுதுவோம். இங்கு நாம் பேசுவது இயந்திரத்தால் செய்யும் இரத்தச் சுத்திகரிப்பைப் பற்றி மட்டுமே.

உடலுக்குள் புகும் வழி

இயந்திரம் எவ்வளவு உயர்ந்ததாயினும், இரத்தத்தை உடலிலிருந்து எடுத்து மீண்டும் உடலுக்குள் செலுத்த ஒரு வழி வேண்டும். நிமிடத்துக்கு ஏறத்தாழ 300 மில்லிலிட்டர் இரத்தம், நான்கு மணி நேரம், வாரத்துக்கு மூன்று நாள் ஓட வேண்டும். பரிசோதனைக்கு இரத்தம் எடுக்கும் சாதாரணச் சிரையில் இவ்வளவு ஓட்டம் கிடையாது.

இச்சிகிச்சையின் வரலாறே இவ்வழியைத் தேடிய வரலாறு எனலாம். ஆலந்து நாட்டின் காம்பன் நகரில், இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1943இல், வில்லெம் கோல்ஃப் என்னும் மருத்துவர் செலோபேன் குழாயை மர உருளை ஒன்றில் சுற்றி முதல் செயற்கைச் சிறுநீரகத்தைச் செய்தார். அவரிடம் முதலில் சிகிச்சை பெற்றவர் ஓர் இளம்பெண். இயந்திரம் அவர் இரத்தத்தை நன்றாகவே தூய்மை செய்தது. ஆனால் ஒவ்வொரு முறையும் புதிய இரத்தக் குழாய் ஒன்றை அறுத்தாக வேண்டியிருந்தது. 12 முறைக்குப் பின் அறுப்பதற்குக் குழாய் இல்லை, அப்பெண் இறந்தார். கருவி பழுதாகி இறக்கவில்லை, வழி தீர்ந்து இறந்தார் என்பதை நேயர்கள் மனத்திற்கொள்ள வேண்டும். இக்கட்டுரையில் பின்னர்ச் சொல்லப்போவன அனைத்தும் அதை ஒட்டியவையே.

1960இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பெல்டிங் ஸ்கிரிப்னர் என்னும் மருத்துவர், டெஃப்லான் குழாய்களை மணிக்கட்டில் பொருத்தி, வெளியே வளையம்போல் இணைத்து வைக்கும் முறையைக் கண்டார். அவருடைய முதல் நோயாளி ஒரு விமானத் தொழிற்சாலைத் தொழிலாளி. அவர் மேலும் 11 ஆண்டுகள் வாழ்ந்தார். ஆனால் வெளியே கிடக்கும் குழாயில் கிருமி புகுந்தது. இரத்தம் அடிக்கடி உறைந்தது. பிறகு 1965இல் நியூ யார்க்கின் புரோங்ஸ் பகுதியிலுள்ள முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் சிமினோ, பிரெஷியா என்னும் மருத்துவர்களும் அவர்தம் அறுவை மருத்துவரான அப்பெல்லும் வெளிக்குழாயே இல்லாத ஒரு வழியை வகுத்து, 1966இல் அதனை உலகுக்கு அறிவித்தனர். கையிலுள்ள தமனி ஒன்றையும் சிரை ஒன்றையும் தோலுக்குக் கீழே தைத்து இணைத்துவிடுவதே அது. இதனையே நம் மருத்துவமனைகளில் ‘பிஸ்துலா’ என்கின்றனர். அறுபது ஆண்டுகள் கடந்தும் இதனினும் சிறந்த வழி இன்னும் கண்டறியப்படவில்லை.

இதயத்திலிருந்து புறப்பட்டு வரும் குழாய் தமனி. அதில் வேகமும் அழுத்தமும் மிகுதி. இதயத்துக்குத் திரும்பும் குழாய் சிரை. அது மெல்லியது, அழுத்தம் குறைந்தது. இரண்டையும் இணைத்தவுடன் தமனி இரத்தம் பாய்ந்து சிரைக்குள் இறங்குகிறது. மணிக்கட்டுத் தமனியில் நிமிடத்துக்குச் சில பத்து மில்லிலிட்டர் ஓடிய இரத்தம், நாளடைவில் 500, 600 மில்லிலிட்டர் எனப் பெருகுகிறது. சிரை அகன்று, சுவர் தடித்து, தோலுக்குக் கீழே கயிறுபோல் தெரிகிறது. இதற்கு ஆறு வாரம் முதல் மூன்று மாதம் வரை ஆகும். இதனைப் பிஸ்துலா ‘முதிர்தல்’ என்பர். முதிர்ந்த பின்னரே ஊசி குத்தலாம். மேலே விரலை வைத்தால் பூனை உறுமுவது போன்ற மெல்லிய அதிர்வை உணரலாம். காதை வைத்தால் ‘உஸ் உஸ்’ என்னும் இரைச்சல் கேட்கும். அவ்வதிர்வே பிஸ்துலா உயிரோடிருப்பதற்கு அடையாளம்.

பால் ஓட்டமும் இரத்த ஓட்டமும்

அழுத்தத்துக்கும் ஓட்டத்துக்கும் உள்ள உறவை விளக்க மருத்துவ நூல்கள் சூத்திரங்களைத் தரும். பால்வெட்டுத் தொழிலாளருக்கு அவை தேவையில்லை. அவர்கள் அதனை நாள்தோறும் கண்ணாற் காண்கின்றனர்.

இருள் பிரியும் முன்பே மரம் வெட்டச் செல்வது ஏன்? இரவெல்லாம் வேர் உறிஞ்சிய நீரால் மரம் நிறைந்திருக்கிறது. பட்டைக்குள் இருக்கும் பால் குழாய்களில் அழுத்தம் அப்பொழுதுதான் உச்சத்தில் இருக்கிறது. கத்தி பட்டவுடன் பால் பீலி வழியே தடையின்றி மங்கில் இறங்குகிறது. வெயில் ஏறினால் இலைகள் நீரை இழக்கின்றன, குழாய்களில் அழுத்தம் இறங்குகிறது, ஓட்டம் தளர்கிறது. தளர்ந்த பால் வெட்டுவாயிலேயே உறைந்து அடைத்துக்கொள்கிறது. மழையால் தாமதித்துப் பத்து மணிக்கு வெட்டப் போன நாளில் வாளி நிறைவதில்லை என்பதை நாம் சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா?

ஓடிக்கொண்டிருக்கும் பால் உறைவதில்லை. நின்ற பால் உறைகிறது. இரத்தமும் அவ்வாறே. ஜெர்மானிய மருத்துவ அறிஞர் ருடால்ஃப் விர்ச்சோவின் பெயரால் வழங்கும் பழைய விதி ஒன்று, இரத்தம் குழாய்க்குள் உறைவதற்கு மூன்று காரணங்களைக் கூறுகிறது: ஓட்டம் தளர்தல், குழாய்ச் சுவரில் காயம் படுதல், இரத்தமே எளிதில் உறையும் இயல்பைப் பெறுதல். பிஸ்துலாவில் இம்மூன்றும் கூடியிருக்கின்றன. தைத்த இடம் ஒரு காயம். ஊசி குத்திய இடங்கள் காயம். நீரை வடித்தெடுக்கும்பொழுது இரத்தம் கெட்டிப்படுகிறது. எஞ்சியிருக்கும் ஒரே காவல் வேகமான ஓட்டந்தான். அவ்வோட்டத்தைத் தள்ளுவது இரத்த அழுத்தம். அழுத்தம் வீழ்ந்தால் காவல் நீங்குகிறது.

ஒப்புமையை அளவுக்கு மீறி இழுக்க நாம் விரும்பவில்லை. மரத்துக்கு இதயம் இல்லை. மேலும், மரத்தில் வெட்டிய பட்டைக்குப் பதில் சில ஆண்டுகளில் புதுப்பட்டை வளர்கிறது. மனிதனுடைய கையில் அடைந்துபோன சிரைக்குப் பதில் வேறொன்று வளர்வதில்லை. மணிக்கட்டில் ஒன்று போனால் முழங்கை, அதுவும் போனால் மேற்கை, பின்னர் மற்றொரு கை. அவ்வளவே நமக்குள்ள கணக்கு.

விரைவில் அடைபடுவது ஏன்?

பிஸ்துலா செய்துகொண்ட எல்லாருக்கும் அது பயன் தருவதில்லை. சில செய்த சில நாட்களிலேயே உறைந்துவிடுகின்றன. சில உறையாவிடினும் முதிராமல் நின்றுவிடுகின்றன. அமெரிக்காவில் 877 நோயாளிகளைக் கொண்டு நடத்தி 2008இல் வெளியிட்ட ஆய்வொன்றில், ஒரு பகுதியினருக்கு இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரையும் மறு பகுதியினருக்கு வெற்று மாத்திரையும் கொடுத்தனர். ஆறு வாரத்துக்குள் உறைந்துபோனவை முதல் பகுதியில் 100க்கு 12. மறு பகுதியில் 100க்கு 19 அல்லது 20. மாத்திரை உதவியது உண்மையே. ஆனால் இறுதியில் சுத்திகரிப்புக்குப் பயன்படும் அளவுக்கு முதிராதவை இரு பகுதியிலும் 100க்கு ஏறத்தாழ 60 ஆக இருந்தன. அதாவது, உறைவதை மட்டும் தடுத்தால் போதாது. குழாய் அகல வேண்டும், ஓட்டம் பெருக வேண்டும்.

குழாய் அகலாமைக்கு நெடுநாள் உயர் இரத்த அழுத்தமும் இனிப்பு நீரும் முக்கிய காரணங்கள். அவை தமனிகளைக் கடினமாக்குகின்றன. சுண்ணாம்பு படியச் செய்கின்றன. இளகிய இரப்பர்க் குழாய் விரிந்து கொடுக்கும். காய்ந்து வெடித்த குழாய் விரியுமா? பத்தாண்டு காலம் கொதிப்பு மாத்திரையைச் சாப்பிடாது விட்டவர், சிறுநீரகத்தை இழந்ததோடு அதற்கு மாற்றாக வரவேண்டிய கைக்குழாயையும் அப்பொழுதே பாதி இழந்துவிடுகிறார். முதுமை, புகைபிடித்தல், பலமுறை ஊசி குத்தி வடுப்பட்ட சிரை, தைத்த இடத்தை அடுத்துத் தசை வளர்ந்து குழாய் குறுகுதல் ஆகியவையும் காரணங்களே. குறுகல் முன்பே இருக்குமிடத்தில் அழுத்தம் சற்றுத் தாழ்ந்தாலும் ஓட்டம் நின்றுவிடும்.

இனி, தாழ்வால் வரும் தீங்கைக் காண்போம். சுத்திகரிப்பின் நடுவே இரத்த அழுத்தம் அடிக்கடி வீழ்ச்சியுறும் நோயாளிகளை ஆயிரத்துக்கு மேற்பட்டோரிடம் ஆராய்ந்து 2011இல் வெளியிட்ட மற்றோர் அமெரிக்க ஆய்வு, வீழ்ச்சி மிக அதிகமாக நேர்ந்த கால்பங்கினருக்குப் பிஸ்துலா உறைந்துபோவது, வீழ்ச்சி மிகக் குறைவாக நேர்ந்த கால்பங்கினரைக் காட்டிலும் ஏறத்தாழ இரு மடங்கு எனக் கண்டது. தாழ்வழுத்தம் ஒன்றே காரணம் என்று இதனால் முடிவு கட்டிவிட இயலாது; இதயம் நலிந்தவர்க்கே அழுத்தமும் அடிக்கடி வீழும். ஆயினும் நாம் முயன்று தடுக்கக்கூடிய காரணங்களுள் இது முதன்மையானது என்பதே நம் கருத்து.

நான்கு கிலோ நீர்

அழுத்தம் ஏன் வீழ்கிறது? பெரும்பாலும் நீரால். சிறுநீர் கழியாதவர் குடிக்கும் நீரெல்லாம் உடலிலேயே தங்குகிறது. அடுத்த சுத்திகரிப்பு நாளில் இயந்திரம் அதை வடித்தெடுக்க வேண்டும். ஒரு கணக்குப் பார்ப்போம். தொழிலாளி ஒருவர்; வயது 52; உடலில் மிகை நீர் இல்லாதபோது அவர் எடை 60 கிலோ. தீபாவளி வருகிறது. முறுக்கும் ஊறுகாயும் உப்புக் கறியும் தாகத்தைத் தூண்ட, மூன்று நாளில் நீரும் காப்பியும் சுவைநீரும் உள்ளே செல்கின்றன. மையத்துக்கு வந்து தராசில் ஏறினால் 64.2 கிலோ. “மிஸ்ஸி, எல்லாவற்றையும் இன்றைக்கே எடுத்துவிடுங்கள், மூச்சு வாங்குகிறது” என்கிறார். நான்கு மணி நேரத்தில் 4.2 லிட்டர் எடுப்பதானால், மணிக்கு 1,050 மில்லிலிட்டர். மருத்துவர்கள் வகுத்திருக்கும் எல்லை, உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு மணிக்கு 13 மில்லிலிட்டர். 60 கிலோ உடையவர்க்கு அது 780 மில்லிலிட்டர். நான்கு மணிக்கு மூன்று லிட்டருக்குச் சற்று மேல். அவர் கேட்பதோ அதனினும் ஒரு லிட்டர் அதிகம்.

இதில் உள்ள நுட்பம் யாதெனில், இயந்திரம் நீரை இரத்தத்திலிருந்து மட்டுமே எடுக்கிறது. காலிலும் நுரையீரலிலும் தசையிலும் தங்கிய நீர் மெல்ல மெல்லவே இரத்தத்துக்குள் ஊறிவர வேண்டும். ஊற்று சுரப்பதினும் விரைவாக இறைத்தால் கிணறு வற்றும். மூன்றாம் மணி நேரத்தில் கொட்டாவி, வியர்வை, கால் தசைப்பிடிப்பு, கண் இருளல். அழுத்தம் 150லிருந்து 85க்கு இறங்கிவிடுகிறது. தாதியர் காலை உயர்த்தி, உப்பு நீர் ஏற்றி ஆளை மீட்கின்றனர். களைத்து வீடு திரும்பியவர், பிஸ்துலாக் கையின்மேல் தலைவைத்து உறங்கிவிடுகிறார். காலையில் கை அமைதியாக இருக்கிறது. அந்த அமைதியை அவர் கவனிக்கவில்லை. இரண்டு நாள் கழித்து மையத்துக்கு வந்தபோதுதான் ஊசி வைக்க வழியில்லை எனத் தெரிகிறது.

அன்றே கண்டிருந்தால், உறைந்ததைக் கரைக்கவோ அகற்றவோ மருத்துவர்கள் முயன்றிருக்கலாம். நாளாக நாளாக உறைவு சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. இனி அவருக்குக் கழுத்துச் சிரையில் குழாய் போடுவர். அதில் கிருமி புகுந்தால் நஞ்சு இரத்தமெங்கும் பரவும். மற்றொரு பிஸ்துலா மேற்கையில் செய்ய வேண்டும். அது முதிர மீண்டும் மாதங்கள் ஆகும். மூன்று நாள் பண்டிகைக்கு இது மிகப் பெரிய விலை.

ஆகவே இரு சுத்திகரிப்புகளுக்கு இடையே ஏறும் எடை, உடல் எடையில் 100க்கு 4 பங்கைத் தாண்டாதிருப்பது நலம். 60 கிலோ உடையவர்க்கு அது 2.4 கிலோ. குடிநீர் அளவு, முந்திய நாள் கழித்த சிறுநீரின் அளவோடு அரை லிட்டர் கூட்டியது என்பது பொதுவான கணக்கு. அவரவர்க்குரிய அளவை மையத்தில் கேட்டறிக. ஆனால் நீரைக் குறைக்கச் சொல்வதினும் உப்பைக் குறைக்கச் சொல்வதே அறிவுடைமை. உப்பு தின்றவர் நீர் குடித்தே தீர்வார். கருவாடு, ஊறுகாய், அப்பளம், கிச்சாப், பொட்டல மீ ஆகிய இவ்வைந்தும் நம் சமையலறையிலுள்ள மறைமுக உப்பு மூட்டைகள். உலகச் சுகாதார நிறுவனம் வயது வந்தோர்க்கு விதித்துள்ள அளவு நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவு. அது ஒரு தேக்கரண்டிக்குள் அடங்கும்.

மாத்திரை, விரதம், வயிற்றுப்போக்கு

அழுத்தம் வீழ்வதற்கு வேறு வழிகளும் உண்டு. சுத்திகரிப்பு நாளன்று காலையில் கொதிப்பு மாத்திரையைப் போட்டுக்கொண்டு வருவோர் உளர். சிலருக்கு அது தகும். வேறு சிலருக்கு அம்மாத்திரையைச் சுத்திகரிப்பு முடிந்த பின்னரோ இரவிலோ உட்கொள்ளும்படி மருத்துவர் கூறுவார். ஒருவர்க்குக் கூறியதை மற்றவர் பின்பற்றலாகாது. ‘தாழ்ந்துவிடும்’ என அஞ்சித் தாமாகவே எல்லா நாளும் நிறுத்திவிடுவதும் தவறு. அது இதயத்தையும் மூளையையும் கெடுக்கும். உங்கள் அழுத்தம் எந்த அளவில் இருக்க வேண்டும், எந்நேரத்தில் எந்த மாத்திரை என இரண்டையும் கேட்டு ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கேட்பதற்குக் கூச்சம் வேண்டா. வரிசையில் நிற்போர் பலராயினும் அக்கேள்விக்கு விடை கூறாத மருத்துவரை நாம் கண்டதில்லை.

தைப்பூசத்துக்கும் தீமிதிக்கும் விரதமிருப்பது நம் வழக்கம். உணவும் நீரும் குறைந்திருக்கும் வேளையில் வழக்கமான மாத்திரைகளையும் உட்கொண்டால் அழுத்தம் மிகத் தாழ்ந்துவிடலாம். பிஸ்துலா உடையவர் விரதத்துக்கு முன் மருத்துவரிடம் கூறிவிடுவது கடமை. கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் அத்தகையனவே. ஒரே இரவில் உடல் நீரை இழந்து பிஸ்துலா உறைந்துபோகும். புதிதாகப் பிஸ்துலா செய்துகொண்ட முதல் சில வாரங்களில் இவ்வெச்சரிக்கை இரட்டிப்பாக வேண்டும். சுத்திகரிப்பின் நடுவே வயிறு நிறைய உண்பதும் சிலருக்கு அழுத்தத்தை வீழ்த்தும். உண்டதைச் செரிக்க இரத்தம் குடலுக்குச் செல்வதே காரணம். நாசி லெமாக் பொட்டலத்தை மையத்திலேயே பிரிப்பவர்கள் இதனைக் கருதுக.

கையைக் காத்தல்

காலை எழுந்தவுடனும், இரவு படுக்கும் முன்னும், சுத்திகரிப்பு முடிந்து நாற்காலியை விட்டு எழும் முன்னும், தலைசுற்றல் வந்த பின்னும் மறு கையின் விரல்களைப் பிஸ்துலாமேல் வைத்து அதிர்வைச் சோதியுங்கள். அதிர்வு குறைந்தாலும் துடிப்பாக மாறினாலும் அன்றே தெரிவியுங்கள். அதிர்வு இல்லையேல் இரவானாலும் ஞாயிறானாலும் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். விடியட்டும் என்று காத்திருப்பதில் பயனில்லை. வீட்டிலுள்ள மனைவியோ மகனோ இதனைக் கற்றிருப்பது நன்று. களைத்து உறங்குபவர் கையை அவர்கள் தொட்டுப் பார்க்கலாம்.

அந்தக் கையில் அழுத்தமானி கட்டவோ இரத்தம் எடுக்கவோ இடம் தராதீர்கள். இறுகிய வளையல், கைக்கடிகாரம் வேண்டா. கோயிலில் கட்டும் காப்புக் கயிற்றை மறு கையில் கட்டிக்கொள்ளலாம். தெய்வம் குறை கொள்ளாது. பால் வாளியின் பிடியை அம்முழங்கையில் மாட்டுவதும் அக்கையால் காண்டாக் கம்பைத் தாங்கித் தூக்குவதும் கூடா. வெட்டுக் கத்தி அவ்விடத்தில் பட்டால் சாதாரணக் கையைப்போல் சொட்டாது, பீறிடும்; தளர்ந்த நீளச் சட்டையால் மூடிக்கொள்க. தப்பித்தவறிக் காயம் பட்டால் தூய துணியால் அவ்விடத்தை விரலால் அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தி, உடனே மருத்துவமனை செல்ல வேண்டும். ஆனால் சுத்திகரிப்பு முடிந்து ஊசி எடுத்த துவாரத்தை அழுத்தும்போது மிதமாக அழுத்துக. இரத்தம் கசியாத அளவு போதும். அதிர்வே தெரியாத அளவு இறுக்கிக் கட்டுவதால் உறைந்துபோன பிஸ்துலாக்கள் உண்டு.

ஊசி குத்தும் இடத்தையும் மாற்றி மாற்றிக் குத்த வேண்டும். மரத்தில் ஒரே இடத்தை ஆழ வெட்டினால் பட்டை புண்பட்டு முண்டு கட்டிவிடும். ஒழுங்காக இறங்கி வெட்டினால் மரம் நெடுநாள் பால் தரும். மரத்தைக் கொல்லாமல் பட்டையை மட்டும் சீவும் முறையை 1890களில் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தில் ரிட்லி வகுத்ததனால்தான் இந்நாட்டில் இரப்பர்த் தொழிலே நிலைத்தது. கையிலும் அவ்வாறே. ஒரே இடத்தில் தொடர்ந்து குத்தினால் சுவர் மெலிந்து பை போல் ஊதிக்கொள்ளும். வேறிடத்தில் குழாய் குறுகும். வலி குறைவு என்பதற்காகப் பழகிய இடத்திலேயே குத்தச் சொல்லித் தாதியை வற்புறுத்தாதீர்கள்.

அறுவைக் காயம் ஆறியபின், மருத்துவர் சொன்ன நாளிலிருந்து, ஒரு சிறு இரப்பர்ப் பந்தை அக்கையால் பிசைந்து பிசைந்து விடுவது குழாய் அகலத் துணை செய்யும் என்பர். நம் தோட்டத்துப் பால் எங்கெல்லாமோ சென்று இவ்வடிவிலும் திரும்பி வருவது மகிழ்ச்சிக்குரியது.

இன்னும் சுத்திகரிப்புக்கு வராதவர்கள்

சிறுநீரகம் பாதி பழுதென்று மருத்துவர் கூறிவிட்டவர்கள் இப்பொழுதே செய்யத்தக்கன சில உள. அவருடைய வலக்கைப் பழக்கம் உள்ளவராயின், இடக்கையின் முன்கைச் சிரைகளைக் காத்தல் வேண்டும். இரத்தம் எடுக்க வருபவரிடம், “ஐயா, எனக்குச் சிறுநீரக நோய் உண்டு, புறங்கையில் எடுங்கள்” என்று சொல்லலாம். பிஸ்துலா முதிர மாதங்கள் ஆவதால், அறுவையைக் கடைசி வாரம்வரை தள்ளிப்போடக் கூடாது. கையைத் தொடவே கூடாது என்று அஞ்சி மறுத்து, மூச்சுத் திணறிய இரவில் கழுத்துக் குழாயோடு சுத்திகரிப்பைத் தொடங்குவோர் பலர். அவர்கள் அச்சத்தை நாம் குறை கூறவில்லை. ஆனால் கை அறுவையைப் பெரும்பாலும் கையை மட்டும் மரக்கச் செய்தே முடித்துவிடுவர்.

முதுகுவலிக்கும் முழங்கால் வலிக்கும் கடையில் வாங்கி உண்ணும் வலி மாத்திரைகள் பலவும், சேர்க்கை இன்னதென்று தெரியாத சூரணங்களும் சிறுநீரகத்துக்குப் பகை. தோட்ட மருத்துவ உதவியாளரிடமோ சுகாதார நிலையத்திலோ கேட்ட பின்னரே எதையும் உட்கொள்க. 40 வயதைக் கடந்தவர் ஆண்டுக்கொரு முறையேனும் இரத்த அழுத்தம், இனிப்பு, சிறுநீரில் புரதம் ஆகிய மூன்றையும் சோதித்துக்கொள்ள வேண்டும்.

சிகிச்சைச் செலவை எண்ணிக் கலங்குவோர்க்கு ஒரு செய்தி. சொக்சோ எனப்படும் சமூகப் பாதுகாப்பு நிறுவனம், சந்தா செலுத்தித் தகுதி பெற்ற தொழிலாளர்க்குச் சுத்திகரிப்புச் செலவில் உதவுகிறது. அரசாங்க மருத்துவமனைகளும் அறநிறுவனங்கள் நடத்தும் மையங்களும் உள்ளன. மருத்துவமனையில் உள்ள சமூகநல அதிகாரியைக் கண்டு பேசினால் எங்கு விண்ணப்பிப்பது என்று கூறுவார். செல்லும்போது அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, மருத்துவரின் கடிதம் ஆகியவற்றோடு, சுத்திகரிப்புக்கு முன்னும் பின்னும் எடுத்த எடையும் இரத்த அழுத்தமும் தேதிவாரியாகக் குறித்த சிறு புத்தகம் ஒன்றையும் கொண்டு செல்லுங்கள். பால் நிறுவைக் கணக்கை எழுதிப் பழகிய கைகளுக்கு அது புதிய வேலையன்று.